கோபுரம் உயர்ந்தது, பெயர் எங்கே போயிற்று?

மயிலாப்பூர்வாசிக்கு உயரத்தைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. கபாலீசுவரர் கோயில் கோபுரம் இருக்கிறது, ஏறக்குறைய 120 அடி. சாந்தோம் தேவாலயத்தின் கூர்மாடம் இருக்கிறது. கடற்கரையோரம் 1977 முதல் கலங்கரை விளக்கம் நிற்கிறது. எது எதற்கு, எப்போது வந்தது, எத்தனை அடி என்று கேட்டால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் பட்டென்று சொல்லிவிடுவார்.

அதே காமராசர் சாலையில் 1954 முதல் சென்னை வானொலி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து புறப்பட்ட குரல் உழவன் வீட்டுத் திண்ணைக்குப் போயிற்று, நெசவாளியின் தறிக்குழிக்குப் போயிற்று, மில் தொழிலாளியின் ஒண்டுக்குடித்தன அறைக்கும் போயிற்று. அந்தக் குரலைத் தூக்கி எறிந்ததே, நகருக்கு வெளியே வெட்டவெளியில் தன்னந்தனியாக நிற்கும் இரும்புக் கம்பம், அதன் பெயர் என்ன? உயரம் என்ன? எழுப்பியவர் யார்? கேட்டுப் பாருங்கள் தோழர்களே! பெரியவரும் விழிப்பார்; படித்தவரும் விழிப்பார்.

குரலை நினைவில் வைத்தோம். குரலுக்குத் தோள் கொடுத்தவனை மறந்தோம். ஆகவே இன்று அந்தக் கம்பத்தைப் பற்றியே பேசுவோம்.

கம்பம் வேறு, கோபுரம் வேறு

பெயரிடுவதற்கு முன்னால் பொருளை அறிய வேண்டும். உயர்ந்து நிற்பதையெல்லாம் 'டவர்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். பொறியாளர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். தன் காலில் தானே நிற்பது கோபுரம். நாலாபுறமும் எஃகுக் கம்பிகளால் இழுத்துக் கட்டப்பட்டு நிற்பது கம்பம். கோபுரத்துக்கு அடி அகலமாக வேண்டும். கம்பம் ஒல்லியாகவே வானளவு போகும். ஆனால் இழுத்துப் பிடித்த கம்பி ஒன்று தளர்ந்தால் முழுக் கம்பமும் தரையில்.

மத்திய அலை ஒலிபரப்பில் இன்னொரு விந்தை உண்டு. அங்கே கம்பத்தின் உச்சியில் கருவியைக் கட்டி வைப்பதில்லை. கம்பமே அலைவீசி! அடியில் பீங்கான் காப்பியின்மேல் அதை நிறுத்தி, முழு உடலுக்கும் மின்னோட்டம் ஏற்றுகிறார்கள். அந்த நேரத்தில் தரையில் நின்றபடி தொட்டவன் கை கருகும். சென்னை நிலையம் 720 கிலோஹெர்ட்சில் பேசியது என்றால் அந்த அலையின் நீளம் சுமார் 416 மீட்டர். அதில் கால்பங்கு உயரமேனும் கம்பம் இருந்தால் அலை நன்றாக எழும். அதாவது 104 மீட்டர். மெரினாவின் கலங்கரை விளக்கத்தை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கினாலும் அந்த உயரம் வராது.

பண்பலைக்கு வேறு கணக்கு. அந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் ஓடும். பூமி வளையும் இடத்தில் நின்றுவிடும். எனவே எவ்வளவு உயரத்திலிருந்து வீசுகிறோமோ அவ்வளவு தொலைவு. 100 மீட்டர் உயரத்திலிருந்து வீசினால் சமவெளியில் சுமார் 41 கிலோமீட்டர். தொலைவை இரண்டு மடங்காக்க வேண்டுமா? உயரத்தை நான்கு மடங்காக்கு! அதனால்தான் உலகெங்கும் மனிதன் மேகத்தைத் துழாவினான். இந்தியாவில் முதன்முதலாகப் பண்பலை ஒலிபரப்பு தொடங்கிய ஊர் எது தெரியுமா? டில்லி அன்று, பம்பாய் அன்று. 1977 சூலை 23 அன்று, நம் சென்னை!

பெயர் பிழைத்த ஊர்களும் பிழைக்காத ஊர்களும்

பாரிசுக்குப் போவோம். ஐஃபல் கோபுரம் 1889 இல் எழுந்தது. இருபதாண்டு அனுமதியில் நின்ற கோபுரம் அது. காலம் முடிந்ததும் பிரித்துப் போட்டிருப்பார்கள். கம்பியில்லாத் தந்தி வந்தது, அவ்வளவு உயரம் அதற்குத் தேவைப்பட்டது, கோபுரம் பிழைத்தது. அழகு காப்பாற்றாத கோபுரத்தை அலை காப்பாற்றிற்று! 2022 இல் வானொலி அலைவீசி ஒன்றைப் புதிதாகப் பொருத்தியபின் அதன் உயரம் 330 மீட்டர்.

அந்தக் கோபுரத்தின் முதல் தளத்துக்குக் கீழே, நான்கு பக்கமும், அறிவியலாளர், பொறியாளர் 72 பேரின் பெயர்களைப் பொறித்தார் ஐஃபல். நல்ல செயல், தலைவணங்குகிறோம். ஆனால் அந்த 72 இல் ஒரு பெண் பெயரும் இல்லை. உலோகத் தகட்டின் நெகிழ்ச்சியைக் கணக்கிட்டு பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசையே பெற்ற சோஃபி செர்மேன் அம்மையார் இடம்பெறவில்லை. அந்தரத்தில் தொங்கிக்கொண்டு தறையாணி அடித்த தொழிலாளி ஒருவனும் இடம்பெறவில்லை. பெயர்ப்பலகை வைத்தால் மட்டும் போதாது, யார் பெயரை வைக்கிறோம் என்பதும் கேள்விதான் என்று இதிலிருந்து தெரிகிறது அல்லவா?

சப்பானுக்குப் போவோம். 2012 இல் திறந்த டோக்கியோ கோபுரத்துக்கு 'வான மரம்' என்று பொருள்படும் பெயர். பொதுமக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பெயர் அது. உயரம் 634 மீட்டர். ஏன் 634? சப்பானிய மொழியில் அந்த எண்களை 'மு', 'சா', 'சி' என்றும் ஒலிக்கலாம். முசாசி என்பது அந்த வட்டாரத்தின் பழம்பெயர். உயரத்துக்குள்ளேயே ஊரின் பெயரை ஒளித்து வைத்தார்கள்! அண்ணாந்து பார்க்கும் குழந்தை அளவையும் கற்கிறது, வரலாற்றையும் கற்கிறது.

எதிர்ப்பக்கம் பாருங்கள். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் 1963 இல் 628 மீட்டருக்கு ஒரு தொலைக்காட்சிக் கம்பம் எழுந்தது. அந்நாளில் உலகிலேயே உயரமானது. அதற்கு அந்நிலையத்தின் குறியெழுத்துகளே பெயர். நிலையத்தின் எழுத்து மாறியது. கம்பத்தின் பெயரும் மாறியது. முதலாளி சட்டை மாற்றினால் கம்பமும் சட்டை மாற்ற வேண்டும்!

போலந்தில் 1974 இல் 646 மீட்டருக்கு ஒரு வானொலிக் கம்பம். நாடு முழுவதற்கும் ஒரே குரல் போக வேண்டும் என்று நீண்ட அலையில் ஒலிபரப்பக் கட்டினார்கள். உலகில் அதை மிஞ்சிய கட்டுமானம் அன்று இல்லை. 1991 ஆகஸ்ட் 8 அன்று, இழுவைக் கம்பிகளை மாற்றிக்கொண்டிருந்தபோது, மடங்கி விழுந்தது. துபாயின் புர்ஜ் கலீஃபா 2010 இல் திறக்கும்வரை அதற்குச் சமமான உயரத்தில் வேறொன்று கட்டி முடிக்கப்படவில்லை. பதினேழு ஆண்டு நின்ற பேருருவம். இன்று கம்பமாக இல்லை, காகிதத்தில்தான் இருக்கிறது. எழுதி வைத்திருந்ததால் அதுவாவது மிஞ்சியது. எழுதி வைக்காத கம்பம் விழுந்தால் என்ன மிஞ்சும்? பழைய இரும்பு, கிலோ இத்தனை ரூபாய் என்ற ரசீது மிஞ்சும்!

நம் மண்ணின் பேருருவங்கள்

'அயல்நாட்டுப் பெருமை எதற்கு? நம்மிடம் என்ன இருக்கிறது?' என்று கேட்பீர்கள். இருக்கிறது தோழர்களே, மார்தட்டும் அளவுக்கு இருக்கிறது.

சென்னை அண்ணா சாலையில் 1959 இல் திறந்த எல்.ஐ.சி. கட்டடத்தின் உயரம் 177 அடி. ஊரிலிருந்து வந்தவனெல்லாம் அதைப் பார்க்காமல் திரும்பியதில்லை. அதைப்போல எட்டு மடங்குக்கும் அதிகமான உயரத்தில், 471 மீட்டரில், நெல்லைச் சீமையின் விசயநாராயணத்தில் வானொலிக் கம்பங்கள் நிற்கின்றன. இந்தியாவின் கட்டுமானங்களிலேயே மிக உயரமானவை என்று பட்டியல்கள் அவற்றைக் குறிக்கின்றன. பாட்டு ஒலிபரப்பும் கம்பங்கள் அல்ல அவை. கடற்படைக்கு உரியவை. கடலுக்கடியில் செல்லும் நீர்மூழ்கிக் கப்பலுக்குச் செய்தி அனுப்பச் சாதாரண அலை உதவாது; உப்புநீர் விழுங்கிவிடும். மிகத் தாழ்ந்த அதிர்வெண் வேண்டும், கிலோமீட்டர் கணக்கில் நீளும் அலை வேண்டும், அதற்கேற்ற கம்பமும் வேண்டும். 1990 அக்டோபர் 20 அன்று அந்தத் தளம் தொடங்கப்பட்டது.

அதற்கு வைத்த பெயர் கட்டபொம்மன்! 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் வெள்ளையன் தூக்கிலிட்ட அந்த வீரனின் பெயர். தூக்குமரத்தில் அடக்கிவிட்டதாக அவன் நினைத்த பெயர், நாட்டின் உச்சிக் கம்பத்தில் ஏறி நிற்கிறது. இப்படித்தான் பெயர் வைக்க வேண்டும் என்பதற்கு நம் நெல்லையே சான்று.

அடுத்து ராமேசுவரம். 1995 இல் எழுந்த தொலைக்காட்சிக் கோபுரம், 323 மீட்டர். கற்காரைத் தண்டு, உச்சியில் எஃகு. தன் காலில் தானே நிற்பது. ஐஃபல் கோபுரத்தோடு ஒப்பிட்டால் வெறும் ஏழு மீட்டர் குறைவு! அதுவும் எந்த இடத்தில்? 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ஊரையே கடல் கொண்டுபோன அதே தீவில். அந்தக் காற்றை எதிர்த்து நிற்கும்படி கட்டியிருக்கிறார்கள்.

பாரிசின் கோபுரத்தை நம் பள்ளிப் பிள்ளைக்குப் படத்தில் காட்டினால் பெயர் சொல்லுகிறது. ராமேசுவரத்துக் கோபுரத்துக்கு என்ன பெயர்? 'டி.வி. டவர்'. அவ்வளவுதான்! பிள்ளை பிறந்து பள்ளிக்கூடத்துக்கும் போன பிறகு 'ஆண்பிள்ளை' என்றே அழைப்பார்களா? இலங்கையில் 2019 இல் திறந்த கொழும்புக் கோபுரத்தைச் சிங்களர் தம் மொழியில் தாமரை என்கிறார்கள். தமிழர் 'தாமரைக் கோபுரம்' என்கிறார்கள். நமக்கோ 'டவர்'!

தியாகராயநகர் கற்பிக்கும் பாடம்

'பெயரில் என்ன ஐயா இருக்கிறது?' என்று சில மேதாவிகள் கேட்கிறார்கள். அவர்களைத் தியாகராயநகருக்கு அழைத்துப் போவோம்.

அந்த நகரின் பெயரே நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயர். அங்கேயுள்ள பூங்கா, அந்நாள் முதலமைச்சர் பனகல் அரசர் பெயர். இன்னொரு பூங்கா, திராவிட மாணவர்களுக்கு இல்லம் நடத்திய டாக்டர் நடேசனார் பெயர். தெருவில் நடந்தாலே வரலாறு படிக்கலாம். ஆனால் கடைத்தெருவுக்கு வாருங்கள். 'பாண்டி பசார்' என்கிறார்கள். பாண்டிச்சேரிச் சரக்கு விற்ற இடம் போலும் என்று எண்ணுகிறான் புதிதாக வந்தவன்.

இல்லை தோழர்களே! அது சௌந்தரபாண்டியனார் அங்காடி. 1929 இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டின் தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். ராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, ஒடுக்கப்பட்ட மக்களை ஏற்றாத பேருந்துக்கு உரிமம் இல்லை என்று உத்தரவிட்டவர். பேருந்தில் உட்கார்ந்து போகும் உரிமையைப் பெற்றுத் தந்தவரின் பெயர், பேருந்து நிறுத்தத்திலேயே 'பாண்டி' என்று சுருங்கிவிட்டது! எவரும் திட்டமிட்டு அழிக்கவில்லை. முழுப் பெயரை எழுதி, படித்து, பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டோம். பெயர் தானே தேய்ந்தது. நன்றாக வைத்த பெயரும் பதிவு இல்லாவிட்டால் பாதியாகும். பெயரே வைக்காத கம்பத்தின் கதி என்ன?

வானொலியா, வேறொன்றா?

கம்பத்துக்குப் பெயர் கேட்கிறோம். கம்பத்திலிருந்து பிறக்கும் குரலுக்கே பெயர்ச்சண்டை நடந்த நாடு இது.

1924 இல் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் வானொலிக் கழகம் ஒன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணம் இல்லாமல் 1927 இல் மூடியது. அதன் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930 முதல் தானே ஒலிபரப்பியது. மாநகராட்சியின் ஒலிபெருக்கி பேசிய நாளில், வீட்டில் பெட்டி வாங்க வழியில்லாத கைவண்டிக்காரனும் கடலைக்காரியும் நின்று கேட்டார்கள். பணக்காரன் வீட்டுக் கூடத்தோடு நிற்காமல் குரல் ஏழையின் காதுக்கும் வந்தது! 1938 சூன் 16 அன்று சென்னை நிலையம் அகில இந்திய அமைப்பின் நிலையமாயிற்று. 1939 மே 16 அன்று திருச்சி நிலையம். 'வானொலி' என்ற பெயரிலேயே அந்த அமைப்பு தமிழில் நிகழ்ச்சி இதழ் நடத்தியது. வானின் ஒலி. குழந்தைக்கும் புரியும் சொல். மக்கள் அதையே பற்றிக்கொண்டார்கள்.

1957 இல் டில்லி 'ஆகாசவாணி' என்று பெயர் சூட்டியது. அந்தச் சொல் வந்த வழியை நேர்மையாகச் சொல்லுவோம். மைசூரில் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி 1935 இல் தம் வீட்டிலேயே ஒரு சிறு நிலையம் அமைத்தார். அதற்கு ஆகாசவாணி என்று பெயர் வந்தது. அவர் முயற்சி போற்றத்தக்கது. தம் ஊர் மக்களுக்குத் தாமே வைத்த பெயர் அது. அந்தப் பெயர்மீது நமக்குப் பகையில்லை. மைசூர் வீட்டில் சூட்டிய பெயரை மயிலாப்பூர் வீட்டில் இருக்கும் பெயரை எடுத்துவிட்டு ஒட்டுவானேன் என்பதுதான் வழக்கு. டில்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தி 'ஆகாசவாணி' என்று தொடங்கியது. கேட்டவன் 'வானொலிச் செய்தி' என்றே சொன்னான். உத்தரவு ஒலிபெருக்கியில் இருந்தது. மொழி மக்கள் வாயில் இருந்தது.

பழைய கதை என்று எண்ணாதீர்கள். 2023 மே 3 அன்று மீண்டும் ஓர் ஆணை வந்தது. 'ஆல் இந்தியா ரேடியோ' என்று எங்கும் சொல்லக்கூடாது, 'ஆகாசவாணி' மட்டுமே என்றார்கள். 1990 ஆம் ஆண்டின் பிரசார் பாரதிச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று காரணம் காட்டினார்கள். தமிழ்நாட்டிலிருந்து கண்டனம் எழுந்தது. 2024 சனவரியில் தொலைக்காட்சியின் 'பொதிகை' என்ற பெயர் போய் 'டி.டி. தமிழ்' வந்தது. தமிழ் என்ற சொல் இருக்கிறதே என்று ஆறுதல் சொல்லுவார்கள். தமிழ் இருக்கிறது, தென்றல் பிறக்கும் மலை எங்கே?

மற்ற நாடுகளைப் பாருங்கள். சிங்கப்பூரில் தமிழ் நிலையத்தின் பெயர் 'ஒலி'. மலேசியாவில் 'மின்னல்'. கடலுக்கு அப்பால் 'இலங்கை வானொலி'. லண்டன் பி.பி.சி. கூட 1941 இல் தமிழில் பேசத் தொடங்கியது, சோ. சிவபாதசுந்தரம் என்ற யாழ்ப்பாணத்துத் தமிழர் சூட்டிய 'தமிழோசை' என்ற பெயரை ஏற்று 2017 வரை வானொலியில் ஒலித்தது. ஏகாதிபத்தியத்தின் தலைநகரே நம் ஓசைக்கு நம் பெயரை ஒப்புக்கொண்டது. நம் தலைநகரத்துக்கு மட்டும் ஏன் நாக்கு வளையவில்லை?

பெருந்தச்சன் பெயரை எழுதிய மரபு

பதிவு செய்வது நமக்குப் புதிதா? ஆயிரம் ஆண்டுக்கு முன் தஞ்சையில் இராசராசன் 216 அடிக்குக் கல்லை அடுக்கினான். அரசன் பெயரோடு நிற்கவில்லை கல்வெட்டு. குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் என்று தச்சன் பெயரைச் சொல்கிறது. ஊர் ஊராகக் கொண்டுவந்த நானூறு ஆடல்மகளிரின் பெயரைச் சொல்கிறது. எந்தத் தெருவில், எத்தனையாம் வீட்டில் அவர்கள் குடியிருந்தார்கள் என்பதையும் சொல்கிறது. மன்னராட்சியில் தச்சனுக்குக் கல்லில் இடம் இருந்தது. மக்களாட்சியில் கம்பம் ஏறியவனுக்குத் தகரத்தில்கூட இடம் இல்லை!

யார் அவன்? சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டுகிறவன். விமானம் மோதாதிருக்க உச்சியில் எரியும் சிவப்பு விளக்கு அணைந்தால் ஏறி மாற்றுகிறவன். இழுவைக் கம்பி துருப்பிடித்ததா என்று கை வைத்துப் பார்க்கிறவன். திறப்புவிழாக் கல்லில் அமைச்சர் பெயர் இருக்கும், அதிகாரி பெயர் இருக்கும். மேடை ஏறியவர்கள் பெயர் பளிங்கில். கம்பம் ஏறியவன் பெயர் காற்றில்!

இதை இப்போதே சொல்ல வேண்டிய அவசரம் ஒன்று உண்டு. உலகெங்கும் மத்திய அலை நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்படுகின்றன. கேட்பவர் கைபேசிக்குப் போய்விட்டார். செலவு மிச்சம் என்று கம்பங்களை இறக்குகிறார்கள். நாளை நம் கம்பங்களுக்கும் அந்த நாள் வரலாம். கம்பிகளை அறுத்தால் நிமிடத்தில் விழும். அதோடு அரை நூற்றாண்டு உழைப்பின் தடயமும் விழும்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. ஒன்று: தமிழ்நாட்டில் நிற்கும் ஒவ்வொரு ஒலிபரப்புக் கோபுரத்தின் அடியிலும் தமிழில் பலகை வேண்டும். எழுந்த ஆண்டு, உயரம், பயன் மூன்றும் அதில் இருக்க வேண்டும். இரண்டு: கட்டியவர், காத்தவர் பெயர்கள் அதே பலகையில், அமைச்சர் பெயரின் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். மூன்று: இறக்கப்படும் கம்பம் எதுவானாலும் படம், வரைபடம், பணியாளர் பட்டியல் எல்லாம் ஆவணக் காப்பகத்துக்குப் போன பிறகே இரும்பு வியாபாரியிடம் போக வேண்டும். நான்கு: தமிழில் அதன் பெயர் 'வானொலி' என்றே இருக்க வேண்டும், ராமேசுவரத்துக் கோபுரத்துக்கு அந்த வட்டார மக்களைக் கேட்டு ஒரு தமிழ்ப்பெயர் வைக்க வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டாம். மன்றத் தோழர்களே, உங்கள் ஊருக்கு அருகில் எந்தக் கம்பம் நிற்கிறது என்று பாருங்கள். அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற முதியவர் யாராவது நம் தெருவில்தான் இருப்பார். அவர் அனுமதியோடு அவர் நினைவைக் கேட்டு எழுதுங்கள். எந்த ஆண்டு ஏறினார், எந்தப் புயலில் கம்பம் ஆடிற்று, உடன் வேலை செய்தவர்கள் யார் யார் என்று கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் போதும். படிப்பகத்தில் வைத்தால் அடுத்த தலைமுறை படிக்கும்.

471 மீட்டர் உயரத்துக்கு இரும்பை ஏற்றத் தெரிந்த கைகளுக்கு, ஆறங்குலப் பலகையில் நான்கு வரி எழுதத் தெரியாதா? தெரியும். எழுதுவோம்!